உங்களுக்குத் தெரியுமா? கார் மேல் விழும் சிலந்தி வலை

காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் உங்கள் காரின் பானெட்டைப் பாருங்கள். சூரியன் மின்னும் புள்ளியைச் சுற்றி மெல்லிய வெள்ளி இழைகள் வட்டம் வட்டமாக ஓடுகின்றனவா? யாரும் சாவியால் கிழிக்கவில்லை. பூனை ஏறி நகம் பதிக்கவுமில்லை. வாரந்தோறும் அக்கறையாகக் கழுவித் துடைத்த கைதான் அந்த வலையைப் பின்னியிருக்கிறது. கார் பிரியர்கள் இதை ‘ஸ்வர்ல்’ என்கிறார்கள். பார்வைக்குச் சின்ன விஷயம்தான். உள்ளே போனால் சங்கதிகள் ஏராளம்.

*

வட்டமாகத் தெரியும் அந்தக் கீறல்கள் உண்மையில் வட்டமானவை அல்ல!

துணி போன பாதையெல்லாம் கீறல். நீளவாக்கில், குறுக்கே, சாய்வாக என நாலா திசையிலும் கிடக்கின்றன. ஒவ்வொரு கீறலும் நுண்ணிய வாய்க்கால். அதன் கரையில் படும் வெளிச்சம் வாய்க்காலுக்குக் குறுக்கு வாட்டத்தில்தான் சிதறும். அதனால் விளக்கின் பிம்பத்தைச் சுற்றி, வட்டத்தின் வளைவோடு ஒத்துப்போகும்படி கிடக்கும் கீறல்கள் மட்டுமே நம் கண்ணுக்கு வெளிச்சத்தை அனுப்புகின்றன. மற்றவை அதே இடத்தில் இருந்தும் கண்ணில் படுவதில்லை.

ராத்திரி செல்போன் டார்ச்சைப் பானெட்டுக்கு மேலே பிடித்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள். வலையும் கூடவே நகர்ந்து வரும். கீறல் எப்படி நகரும்? நகர்வது வெளிச்சம்தான். போகிற இடத்திலெல்லாம் அது புதிய கீறல்களை ஏற்றிக் காட்டுகிறது.

கார் இல்லாதவர்கள் சமையலறைக்குப் போகலாம். பல வருடம் நார் போட்டுத் தேய்த்த எவர்சில்வர் தட்டை பல்புக்கு அடியில் பிடித்தால் அதே வலை, அதே வட்டம்.

*

ஏ4 தாள் ஒன்றின் கனம் சுமார் 100 மைக்ரான். அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஃபேக்டரியிலிருந்து வரும் காரின் மொத்த பெயிண்டும் ஏறக்குறைய அவ்வளவுதான். பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள் அடங்கிவிடும்.

அதற்குள் நாலு அடுக்கு இருக்கிறது. தகட்டை ஒட்டி, துருவைத் தடுப்பதற்காகத் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி ஏற்றும் பூச்சு. அதன் மேல் பிரைமர். அதன் மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். நம் கை தொடுவது நிறத்தை அல்ல, 35 முதல் 50 மைக்ரான் வரை கனமுள்ள இந்த மேல் பூச்சைத்தான். நம் தலைமுடி சராசரியாக 70 மைக்ரான். கிளியர் கோட் அதைவிட மெல்லிசு!

நல்ல சேதி ஒன்று: ஸ்வர்ல் கீறல்கள் இந்த மேல் பூச்சின் தோலோடு நின்றுவிடுகின்றன. தகடு வரை போவதே இல்லை. ஸ்வர்லால் எந்தக் காரும் துருப்பிடிக்காது. ‘கீறல் விழுகிறது, இனிக் கழுவவே மாட்டேன்’ என்று முடிவெடுப்பவர்கள்தான் வண்டியைக் கெடுக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று, எல்லா ஊரிலும் பறவை எச்சம். வெயிலில் காய்ந்த எச்சத்தின் அமிலம் கிளியர் கோட்டை அரித்துப் பள்ளம் போட்டுவிடும். அந்தத் தழும்போடு ஒப்பிட்டால் ஸ்வர்ல் ஒன்றுமே இல்லை.

*

கீறுவது துணி அல்ல. தண்ணீரும் அல்ல. மண்.

தெருப் புழுதியில் கலந்திருக்கும் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் இடம் 7. ஜன்னல் கண்ணாடி ஐந்தரையை ஒட்டி நிற்கிறது. குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும் என்றால், பிளாஸ்டிக் இனத்தைச் சேர்ந்த கிளியர் கோட் எம்மாத்திரம்? துணி வெறும் வாகனம். மண் துகளைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். வைப்பர் ஓடிய பாதையில் முன் கண்ணாடியில் வில் போலக் கோடு விழுவதும் இதே காரணத்தால்தான்.

*

சிக்னலில் கார் நிற்கும்போது மஞ்சள் துணி விற்க வருவார்கள். வாங்குங்கள், அவர்கள் பிழைப்பு அது. டேஷ்போர்டைத் துடையுங்கள். காய்ந்த பானெட்டில் மட்டும் அதை வைக்காதீர்கள். வண்டிக்கு நாம் செய்யும் காரியங்களில் அதிகம் கீறுவது வறட்டுத் துடைப்புதான். தண்ணீரும் ஷாம்புவும் இருந்தால் துகள் வழுக்கிக்கொண்டு போக வழி உண்டு. அது இல்லாதபோது துணியும் புழுதியும் சேர்ந்து உப்புத்தாளாகிவிடுகின்றன.

*

விடியற்காலை ஐந்தரை மணிக்கு எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒருவர் வேலையைத் தொடங்குவார். ஒரு வாளி, ஒரு மக், தோளில் பனியன் துணி. ஏழு கார்கள். முதல் காரை முடிக்கும்போது வாளித் தண்ணீர் மோர் நிறத்துக்கு வந்திருக்கும். நாலாவது காருக்குப் போகும்போது டீ நிறம். என் கார் ஆறாவது.

ஒருநாள் அவர் முடித்த பிறகு வாளியின் அடியில் கைவிட்டுப் பார்த்தேன். விரல் நுனியில் நறநறவென்று மண். துணியை முக்கும்போதெல்லாம் அது கலங்கி மேலே வந்து, துணியில் ஏறி, அடுத்த கதவுக்குப் போயிருக்கிறது. ஐந்து கார்களின் தெருப்புழுதி என் காரின் மேல் தேய்க்கப்பட்டிருக்கிறது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏழு மணிக்குள் ஏழு காரையும் முடிக்க வேண்டும். குழாய் இருப்பது அந்தக் கோடியில். வாளி ஒன்றுதான். “அண்ணே, துணி வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு மக் தண்ணி மேலேருந்து ஊத்திடுங்களேன்” என்றேன். “ஊத்தலாம் சார். தரை ஈரமாயிடுதுன்னு அசோசியேஷன்ல சத்தம் போடுறாங்களே” என்றார். அவர் பக்க நியாயம் அது.

*

கீரை கழுவத் தெரிந்தவருக்குக் கார் கழுவத் தெரியும்.

கீரையைப் பாத்திரத் தண்ணீரில் அலசுவோம். மண் அடியில் தங்கும். பிறகு கீரையை மேலாகக் கையில் அள்ளி எடுப்போம். அப்படியே தண்ணீரோடு வடிகட்டியில் கவிழ்த்தால் மண்ணும் சேர்ந்து வந்துவிடும் என்பது எந்த வீட்டுப் பாட்டிக்கும் தெரியும். ‘இரண்டு வாளி முறை’ என்று உலகம் முழுக்கக் கார் பிரியர்கள் கடைப்பிடிப்பது இதைத்தான். ஒரு வாளியில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு பகுதியைத் தேய்த்ததும் துணியை முதலில் வெறும் தண்ணீரில் அலசி, பிழிந்து, அதன் பிறகே ஷாம்புவில் முக்க வேண்டும். வாளியின் அடியில் ஓட்டை ஓட்டையாக ஒரு தட்டு போட்டுவிட்டால் இன்னும் நல்லது. மண் தட்டுக்குக் கீழே இறங்கிவிடும், துணி அதைத் தொடாது. இதற்கென்றே விற்கும் தட்டுக்கு ‘கிரிட் கார்டு’ என்று பெயர். அது கிடைக்காவிட்டால் வாளிக்குள் இறங்கும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வடிதட்டு போதும்.

*

கழுவும் வரிசை: கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதி. கடைசியாகக் கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும். சக்கரத்துக்குத் தனித் துணி, தனி வாளி. சக்கரத்தில் ஒட்டியிருப்பது வெறும் மண் அல்ல, பிரேக்கிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகளும்தான்.

*

துணி கீழே விழுந்துவிட்டதா? அன்றைக்கு அதற்கு ஓய்வு கொடுங்கள். உதறிவிட்டுத் தொடர்வது கூடாது.

*

மைக்ரோஃபைபர் துணியின் இழை பட்டு இழையைவிட மெல்லியது. பாலியஸ்டரும் பாலிஅமைடும் கலந்து நூற்று, ஒவ்வோர் இழையையும் பல கீற்றுகளாகப் பிளந்து செய்கிறார்கள். துகள் அந்தக் கீற்றுகளுக்கிடையே, பஞ்சு போன்ற இழைகளுக்குள் புதைந்துவிடும். பெயிண்டின் மேல் உரசுவது குறையும். பழைய பனியனிலும் வழுவழுப்பான ஷாமி துணியிலும் அப்படிப் புதைய இடமில்லை. அவற்றில் துகள் மேலோட்டமாகவே நின்று தேய்க்கும். சாதாரண ஸ்பாஞ்சின் தட்டையான முகமும் அப்படித்தான்.

ஆனால் வாங்கினால் மட்டும் போதாது. ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை முதலில் வெட்டி எறியுங்கள், அந்தச் சின்னத் துண்டே கோடு போடும். துவைக்கும்போது பருத்தித் துண்டுகளோடு சேர்த்துப் போடாதீர்கள், பஞ்செல்லாம் இதில் ஒட்டிக்கொள்ளும். துணிக்கு மென்மை தரும் கண்டிஷனர் திரவமும் வேண்டாம், அது இழைகளின் மேல் படலமாகப் படிந்து துணியின் வேலையைக் கெடுத்துவிடும். கொதிநீரும் இஸ்திரியும் அதற்கு எதிரி.

*

கறுப்புக் காரில்தான் ஸ்வர்ல் அதிகம் விழுகிறது என்று பலர் நம்புகிறார்கள். வெள்ளைக் காரிலும் அதே அளவு விழும். கறுப்பு தன்மேல் விழும் வெளிச்சத்தை விழுங்கிக்கொள்வதால், கீறலிலிருந்து தெறிக்கும் கீற்று பளிச்சென்று தனித்துத் தெரிகிறது. வெள்ளையில் அது பின்னணியோடு கலந்துவிடுகிறது. கறுப்புக் கார் மேல் ஆசைப்படுபவர்கள் இதைத் தெரிந்து வாங்க வேண்டும்.

*

நம் ஊர் பெயிண்டிங் ஷெட்டுகளில் ‘டூகோ’ என்ற சொல் இன்னும் புழங்குகிறது. அதற்கு நூறு வயது தாண்டிவிட்டது!

மோட்டார் காரின் ஆரம்ப காலத்தில் பெயிண்ட் காய்வதற்கே வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டு மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் கண்டுபிடித்த நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர்தான் டூகோ. 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லாண்ட் கார்களில் நீல நிறத்தில் அதை ஏற்றியது. வாரக்கணக்கு மணிக்கணக்கானது. கார்களுக்கு நிறம் பிறந்தது.

அந்தக் காலத்துப் பெயிண்டில் கிளியர் கோட் கிடையாது. நிறமே வெளித்தோல். பாலிஷ் போட்டால் காரின் நிறம் துணியில் ஒட்டிக்கொண்டு வரும். அப்பா காலத்து வண்டிகளைத் தேய்த்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். நிறத்துக்கு மேல் தெளிந்த பூச்சு ஏற்றும் முறை 1980-களில்தான் பரவலானது. இன்றைய காரைத் துடைத்து, துணியில் காரின் நிறம் வந்தால், கிளியர் கோட் போய்விட்டது என்று அர்த்தம். உடனே கவனியுங்கள்.

*

கீறல் ஆழமா, மேலோட்டமா? நகத்தைக் குறுக்கே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் அது ஸ்வர்ல் அல்ல, பாலிஷில் போகாது. சிக்காவிட்டால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கீறல் மறைந்துவிட்டதா? மேல் பூச்சோடு நிற்கிறது என்று கொள்ளலாம். தண்ணீர் அந்த நுண்ணிய வாய்க்காலை நிரப்பி வெளிச்சம் சிதறுவதைக் குறைக்கிறது. காய்ந்ததும் கீறல் திரும்ப வந்துவிடும்.

*

மேலே சொன்ன தண்ணீர் வித்தையை வைத்து வியாபாரமும் நடக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் பாலிஷ் போட்டு வாங்கினேன். முகம் பார்க்கலாம் போல மின்னியது. மூன்றாவது வாட்டர் வாஷில் வலை முழுசாகத் திரும்பி வந்து நின்றது. கீறலை அவர்கள் எடுக்கவே இல்லை. எண்ணெயும் மெழுகும் கலந்த பசையால் நிரப்பி மூடியிருக்கிறார்கள். தண்ணீர் இரண்டு நிமிடம் செய்வதை அந்தப் பசை இரண்டு மாதம் செய்தது. நிரப்பிக் கொடுப்பது தவறில்லை. நிரப்பியதை ‘எடுத்தாச்சு’ என்று சொல்லிப் பணம் வாங்குவதுதான் தவறு.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். ஷோரூம் நிழலில் பார்க்காமல் வெயிலுக்கு எடுத்து வரச் சொல்லிப் பாருங்கள். முடிந்தால் பெயிண்ட் கனம் அளக்கும் கருவியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கதவில் மட்டும் மற்றவற்றைப்போல் இரண்டு மூன்று மடங்கு காட்டினால், அங்கே டிங்கரிங் பார்த்துப் பட்டி போட்டிருக்கிறார்களா என்று கேட்டு விசாரிக்கலாம்.

*

உண்மையான பாலிஷ் கீறலை அழிப்பதில்லை. கீறலைச் சுற்றியிருக்கும் மேட்டைச் சீவிப் பள்ளத்துக்குச் சமமாக்குகிறது. ஆகவே ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டிலிருந்து சில மைக்ரானைக் கழித்துவிடுகிறது. போனது திரும்ப வளராது. வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சி நிறத்தைக் காக்கும் ரசாயனமும் அந்தப் பூச்சுக்குள்தான் இருக்கிறது. சின்னச் சின்ன ஸ்வர்லுக்காக ஆறு மாதத்துக்கொரு முறை பாலிஷ் போடச் சொல்லும் கடையை நான் நம்பமாட்டேன். ஐந்து வருடம் ஓடிய காரில் கொஞ்சம் ஸ்வர்ல் இருப்பது இயல்பு. அதை அப்படியே விடுவது பல சமயம் புத்திசாலித்தனம்.

ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் பழைய ரக பஃபிங் மெஷினைப் பழக்கமில்லாதவர் பிடித்தால், ஸ்வர்ல் போய் ‘ஹாலோகிராம்’ வரும். வெயிலில் பார்த்தால் மெஷின் போன தடமெல்லாம் நெளி நெளியாக மின்னும். சுழன்றுகொண்டே அச்சு மாறி ஆடும் இரட்டை அசைவு மெஷினில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

*

‘9எச் செராமிக் கோட்டிங், கீறலே விழாது’ என்று போர்டு பார்த்திருப்பீர்கள். அந்த 9எச் என்பது என்ன தெரியுமா? பென்சில்!

பெயிண்ட் துறையில் ஒரு சோதனை உண்டு. 6பி முதல் 9எச் வரை பென்சில்களை வரிசையாக எடுத்து, 45 டிகிரி சாய்வில் அழுத்தித் தள்ளுவார்கள். எந்தப் பென்சில் வரை பூச்சு கீறல் படாமல் தாங்குகிறதோ அதுதான் அதன் மதிப்பெண். பென்சிலின் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. மோஸ் அளவுகோலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 9எச் என்றால் வைரத்துக்கு அடுத்தபடி என்று நினைப்பது தப்புக் கணக்கு. தெரு மணல் அந்தப் பூச்சையும் கீறும். செராமிக் கோட்டிங்கால் பயன் இல்லாமலில்லை. தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், அழுக்கு லேசில் ஒட்டாது, ஒட்டினாலும் சுலபமாகப் போகும். தேய்க்கும் வேலை குறைவதால் கீறலும் குறையும். வாங்குகிறவர் அதற்காக வாங்கலாம்.

*

தானே ஆறும் பெயிண்டும் வந்துவிட்டது. அதற்கு முன், 2003 கடைசியில் மெர்சிடிஸ் பென்ஸ் நுண்ணிய செராமிக் துகள் கலந்த, கீறலைத் தாங்கும் கிளியர் கோட்டைக் கொண்டுவந்தது. 2005-ல் நிஸ்ஸான் அறிவித்த ‘ஸ்கிராட்ச் ஷீல்டு’ வேறு வழியில் போனது. பூச்சைக் கடினமாக்காமல், ரப்பர் போல நெகிழும் பிசினைக் கலந்தார்கள். கழுவும்போது விழும் மெல்லிய கீறல் ஒரு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். பெயிண்டைக் காக்க அதன் மேல் ஒட்டும், இப்போது பரவலாகிவரும் ‘பிபிஎஃப்’ பிலிமும் பாலியூரித்தேனில் செய்தது. நல்ல தரமானதில் வெயில் சூட்டிலேயே மெல்லிய கீறல்கள் ஆறிவிடும்.

*

ஆயுத பூஜைக்கு வண்டியில் விபூதிப் பட்டை போட்டுச் சந்தனம் குங்குமம் வைப்போம். மறுநாள் அதைக் காய்ந்தபடியே துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள். சாம்பல் போட்டுப் பாத்திரம் விளக்கிய ஊர் இது, சாம்பலின் தேய்க்கும் குணம் நமக்குத் தெரியாததல்ல. குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தது, வெயிலில் நாள்கணக்கில் விட்டால் வெளிர் நிறக் கார்களில் கறையாகிவிடும். நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டால் எல்லாம் பெரும்பாலும் இளகி ஓடிவிடும்.

*

புழுதி படிந்த காரின் மேல் கவர் போட்டு மூடுவது கீறலுக்கு நாமே வழி செய்வது. காற்றில் கவர் படபடக்கும்போதெல்லாம் அடியில் இருக்கும் மண் தேய்க்கும். சுத்தமான காருக்குத்தான் கவர்.

*

துணி துவைக்கும் பவுடரில் காரம் அதிகம், காருக்கு ஆகாது. பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெயை எடுக்கவே செய்தது, காரின் மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். கார் ஷாம்பு வழவழப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த வழுக்கல்தான் துகளைக் கீறவிடாமல் நகர்த்துகிறது.

போர்வெல் தண்ணீர் ஊர்க்காரர்கள் வெயிலில் கழுவ வேண்டாம். தண்ணீர் ஆவியாகிக் கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளை வளையமாகத் தங்கிவிடும். அதைப் போக்க அழுத்தித் தேய்ப்போம், அங்கே இன்னொரு வலை விழும்.

*

எங்கள் கீழ்த்தளத்துக்கு இப்போது இரண்டாவது வாளி வந்துவிட்டது. ஏழு வீட்டுக்காரர்களும் ஆளுக்கு இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கி, கார் நம்பரை எழுதி அவரிடம் கொடுத்திருக்கிறோம். குழாயிலிருந்து நீளமாக ஒரு ஹோஸ் போட அசோசியேஷனும் ஒத்துக்கொண்டது. முதலில் தண்ணீர் அடித்து மண்ணை இறக்கிவிட்டு, அப்புறம்தான் அவர் துணியைத் தொடுகிறார். தினமும் வறட்டுத் துடைப்பு வேண்டாம், வாரம் இரண்டு முறை சரியாகக் கழுவினால் போதும், மாதச் சம்பளத்தில் கை வைக்கமாட்டோம் என்றும் சொல்லிவிட்டோம். உங்கள் காரைத் துடைக்க வருகிறவரிடமும் நாளைக் காலை பேசிப் பாருங்கள். பேசப் போகும்போது கையில் இன்னொரு வாளியோடு போங்கள்.